இரத்தத்திலா இருக்கிறது?

மதுரையில் இன்று ஆசிரியப் பயிற்சி பெறும் இளைஞர்கள் நாளை உயிரியல் வகுப்பில் நிற்பார்கள். கரும்பலகையில் மெண்டலின் பட்டாணிச் செடி. நெட்டைக்கு ஒரு காரணி, குட்டைக்கு ஒரு காரணி! நன்று, பட்டாணிக்கு அது பொருந்தும். ஆனால் தேர்வில் தவறிய மாணவனைப் பார்த்து, "படிப்பு இவன் இரத்தத்திலேயே இல்லை" என்று அதே ஆசிரியர் சொல்லிவிட்டால்? மரபணு படித்தவரின் வாயில் மனு பேசுகிறான் என்றுதானே பொருள்!

அந்தச் சொல் என்ன செய்யும் என்பதை மதுரைச் சீமை அறியும். வெள்ளையன் 1871இல் இயற்றி 1911இல் விரித்த குற்றப்பரம்பரைச் சட்டம், நம் மக்கள் வாயில் ரேகைச் சட்டம், என்ன சொல்லிற்று? தச்சன் மகன் தச்சன் ஆவதுபோலத் திருடன் மகன் திருடனே என்றது! குற்றம் செய்தவனை அல்ல, பிறமலைக் கள்ளர் குடியில் பிறந்தவனைக் கைரேகை வைக்கச் சொன்னது. இரவானால் காவல் நிலையத்தில் வந்து படு என்றது. மறுத்தெழுந்த பெருங்காமநல்லூரில், 1920 ஏப்ரல் 3 அன்று, துப்பாக்கி வெடித்தது. பதினைந்து பேருக்கு மேல் மாண்டனர். அவர்களுள் ஒருவர் மாயக்காள் எனும் வீரத்தாய். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் ஒழிய 1947 ஆயிற்று. சட்டம் ஒழிந்தது, சரக்கு ஒழிந்ததா? 1953இல் அரை நாள் பள்ளி, அரை நாள் அப்பன் தொழில் என்றாரே ஆச்சாரியார்! கிளர்ந்தெழுந்தோம், 1954இல் தொலைந்தது.

பிற்காலத்தில் அதே மக்களின் இரத்தத்தை மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பன் குழுவினர் ஆராய்ந்தனர். சோதிமாணிக்கம் எனும் சிற்றூரில் கண்டது என்ன? களவா? இல்லை, தோழர்களே! எம் 130 எனும் அடையாளம். ஆப்பிரிக்காவை விட்டுக் கடலோரமாக நடந்து ஆஸ்திரேலியா வரை சென்ற ஆதி மாந்தரின் வழித்தடம். அது காட்டுவது வழியை மட்டுமே; அறிவையும் அல்ல, ஒழுக்கத்தையும் அல்ல. ஆண்ட பரம்பரை என்று மார்தட்டுவோரும் இதைக் குறித்துக்கொள்ளட்டும்!

ஒரே குதிரின் நெல்லை மேலூர்க் கால்வாய் வயலிலும், வானம் பார்த்த பூமியிலும் விதைத்துப் பாருங்கள். மனிதனின் உயரத்தில் மட்டும் ஆயிரக்கணக்கான மரபணு வேறுபாடுகள் பங்கு கொள்கின்றன. அதற்குமேல் தாய் உண்ட உணவு, பிள்ளை குடித்த கஞ்சி. உயரத்துக்கே இத்தனை என்றால், திருட்டுக்கு ஒரு மரபணுவை எங்கே போய்த் தேடுவது?

பயிற்சிக் கல்லூரிகளைக் கேட்கிறோம்: மெண்டலை நடத்தும் அதே வாரத்தில் உங்கள் மாணவர்களைப் பெருங்காமநல்லூர் நினைவிடத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். உசிலம்பட்டிப் பக்கந்தான், காலையில் பேருந்து ஏறினால் மாலையில் திரும்பிவிடலாம்.