குளுவாங் தோட்டத்து வண்டும் தொழிலாளியின் யோசனையும்

புத்தாக்கம் என்ற சொல் இன்று எல்லா பெரிய நிறுவனங்களின் வாயிலும் இருக்கிறது. ஆண்டறிக்கையில் அதற்கென ஒரு பக்கம், அலுவலக வாசலில் ஒரு யோசனைப் பெட்டி, ஆண்டுக்கொரு போட்டி. ஆனால், களத்தில் வேலை செய்பவர் சொல்லும் யோசனை மேலே போய்ச் சேர்கிறதா? சேர்ந்தால், சொன்னவருக்கு என்ன கிடைக்கிறது? இதற்குப் பாடம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஜொகூர், குளுவாங்கிலேயே ஒன்று இருக்கிறது.

இருபது ஆண்டு தாமதம்

1970-களில் செம்பனைத் தோட்டங்களில் வேலை செய்தவர்களுக்கு இது நினைவிருக்கும். அப்போது பல தோட்டங்களில் செம்பனைப் பூவுக்குக் கையால்தான் மகரந்தம் சேர்த்தார்கள். மகரந்தத்தை டால்க் பவுடருடன் கலந்து, மரம் மரமாகப் போய்ப் பெண் பூக்குலையின் மீது ஊத வேண்டும். பெண்கள் பலர் இந்த வேலையைச் செய்தனர்.

யூனிலீவர் நிறுவனத்தின் தோட்ட நிர்வாகி லெஸ்லி டேவிட்சன் 1950-களில் ஆப்பிரிக்காவின் கேமரூனில் பணியாற்றியவர். அங்கே செம்பனைப் பூக்களில் சிறிய கூன்வண்டுகள் மொய்ப்பதையும், யாரும் ஊதாமலே குலைகள் நன்றாகக் காய்ப்பதையும் கண்டார். 1960 வாக்கில் இந்த வட்டாரத்துக்குத் திரும்பியபோது இங்கே அந்த வண்டு இல்லை என்பதைக் கவனித்துத் தலைமையகத்திடம் சொன்னார். தலைமையகம் ஏற்கவில்லை. செம்பனைக்குக் காற்றே மகரந்தம் சேர்க்கிறது என்பதுதான் அன்றைய பாடநூல் கருத்து.

1974-இல் டேவிட்சனே நிறுவனத்தின் தோட்டப் பிரிவில் உயர் பதவிக்கு வந்தார். அதன் பிறகுதான் விஷயம் நகர்ந்தது. பாகிஸ்தானைச் சேர்ந்த பூச்சியியல் அறிஞர் ரஹ்மான் சையது கேமரூனில் ஆய்வு செய்து, மகரந்தம் சேர்ப்பது அந்த வண்டுதான் என்று உறுதிப்படுத்தினார். மற்ற பயிர்களுக்கு அதனால் கேடு வராது என்பதும் சோதித்துப் பார்க்கப்பட்டது. 1981 பிப்ரவரியில் குளுவாங், பாமோல் தோட்டத்தில் வண்டுகள் விடப்பட்டன. 1981-இல் சுமார் 28 லட்சம் டன்னாக இருந்த மலேசியச் செம்பனை எண்ணெய் உற்பத்தி மறு ஆண்டே சுமார் 35 லட்சம் டன்னைத் தொட்டது. அதற்கு இந்த வண்டும் முக்கியக் காரணம்.

டேவிட்சனுக்குப் பதவி உயர்வு கிடைத்ததால் அவருடைய யோசனை பிழைத்தது. ஒரு மண்டோரோ, குலை வெட்டும் தொழிலாளியோ அதையே கவனித்துச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. வண்டு வந்ததும் மகரந்தம் ஊதும் வேலை இல்லாமல் போனது. செலவு மிச்சமானது நிறுவனத்துக்கு. வேலையைக் குறைக்கும் வழியைச் சொன்னால் தன் பிழைப்பே போய்விடுமோ என்று தொழிலாளி தயங்கினால், அந்தத் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது.

நேரமும் பங்கும்

யோசனை சொன்னவர் மேலதிகாரி ஆகும்வரை காத்திருக்காத நிறுவனங்களும் உண்டு. அமெரிக்காவின் 3எம் நிறுவனம் 1948 முதல், தொழில்நுட்ப ஊழியர்கள் வேலை நேரத்தில் 15 விழுக்காட்டைத் தங்கள் சொந்த யோசனைக்குச் செலவிட அனுமதிக்கிறது. அங்கே 1968-இல் ஸ்பென்சர் சில்வர் சரியாக ஒட்டாத ஒரு பசையைக் கண்டுபிடித்தார். அது எதற்குப் பயன்படும் என்று பல ஆண்டுகள் யாருக்கும் தெரியவில்லை. ஆனாலும் அவர் அதைப் பற்றிச் சக ஊழியர்களிடம் பேசிக்கொண்டே இருக்க முடிந்தது. 1974-இல் ஆர்ட் ஃபிரை என்ற ஊழியர், பாட்டுப் புத்தகத்தில் பக்க அடையாளம் வைக்க அந்தப் பசை உதவும் என்று கண்டார். இன்று எல்லா அலுவலகங்களிலும் இருக்கும் மஞ்சள் ஒட்டுத்தாள் அப்படித்தான் பிறந்து, 1980-இல் அமெரிக்கா முழுதும் விற்பனைக்கு வந்தது.

நேரம் கொடுத்தால் மட்டும் போதாது. ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் வேலை பார்த்தபோது ஷூஜி நாகமுரா நீல எல்.இ.டி. விளக்கை உருவாக்கினார். அதற்கு அவருக்குக் கிடைத்த வெகுமதி 20,000 யென். அவர் வழக்குத் தொடர்ந்தார். 2004-இல் தோக்கியோ நீதிமன்றம் 20 பில்லியன் யென் தரச் சொன்னது. மேல்முறையீட்டில் வழக்கு 2005-இல் சுமார் 840 மில்லியன் யென்னுக்குச் சமரசமானது. 2014-இல் அவர் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

நம் சட்டம் சொல்வது

மலேசியாவில் 1983-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு தொழிலாளர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒன்று. கண்டுபிடிப்பது ஓர் ஊழியரின் வேலையாக இல்லாமல் இருக்கலாம். ஆனால், முதலாளியின் தொழில் துறையிலேயே, முதலாளி கொடுத்த கருவியையோ தகவலையோ பயன்படுத்தி அவர் ஒன்றைக் கண்டுபிடித்தால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாவிட்டால் காப்புரிமை முதலாளிக்கே போகும். அதே சமயம், ஊழியருக்கு நியாயமான ஊதியம் பெறும் உரிமை உண்டு. இரு தரப்புக்கும் உடன்பாடு ஏற்படாவிட்டால், ஊழியரின் சம்பளம், கண்டுபிடிப்பின் பொருளாதார மதிப்பு, முதலாளி அடைந்த பலன் ஆகியவற்றைப் பார்த்து நீதிமன்றம் அந்தத் தொகையை முடிவு செய்யலாம். ஊழியரின் இந்த உரிமையை ஒப்பந்தத்தால் குறைக்க முடியாது.

எல்லா யோசனைக்கும் காப்புரிமை கிடைத்துவிடாது. அரிவாளின் பிடியை மாற்றுவதோ, லாரியில் குலை ஏற்றும் முறையைத் திருத்துவதோ சட்டத்தின் கண்ணில் கண்டுபிடிப்பாக இல்லாமல் போகலாம். அத்தகைய சிறு திருத்தங்களைத் திரட்டித்தான் ஜப்பானின் தோயோத்தா 1951 முதல் ஊழியர் யோசனைத் திட்டத்தை நடத்தி வருகிறது.

இங்கே அந்த இடைவெளியை நிரப்பத் தொழிற்சங்கங்களால் முடியும். யோசனைக்கு எத்தனை நாளில் பதில் வர வேண்டும், மிச்சமாகும் செலவில் எத்தனை விழுக்காடு சொன்னவருக்குச் சேர வேண்டும், அதனால் யாருக்கும் வேலை போகாது என்ற உறுதி ஆகிய மூன்றையும் கூட்டு ஒப்பந்தப் பேச்சில் மேசைக்குக் கொண்டுவரலாம். அதுவரை தொழிலாளர்கள் தங்கள் யோசனையைத் தேதி போட்டு எழுதிக் கொடுத்து, ஒரு நகலைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது.