சமவெளியில் பேரி நடலாமா?

கடைத்தெருவில் பேரிக்காய் விற்கும் விலையைக் கண்டு, தாம்பரம், வண்டலூர்ப் பக்கத்து நிலச்சுவான்தார்களுக்கு அதனைத் தம் தோட்டத்தில் நட ஆசை பிறத்தல் இயல்பே. ஆயினும் அது வீண் செலவாகும்.

பேரி இலையுதிர்த்து உறங்கக் குளிர்காலம் வேண்டும். குளிர் போதாவிடில் மொட்டுகள் செவ்வனே அவிழா. சுமார் 7,000 அடி உயரமுள்ள கொடைக்கானலில் அது காய்ப்பது இதனாலேயே. பஞ்சாப் சமவெளியில் விளையவில்லையா எனின், அங்கே மார்கழி, தை மாதங்களில் கடுங்குளிர் உண்டு. தாம்பரத்தில் அஃது இல்லை.

ஆகவே கன்று விற்போர் வாக்கை நம்பி, நிலத்தையும் நீரையும் பல வருஷம் முடக்குவதினும், லக்னோ 49 கொய்யாப் பதியன்களை நடுவதே விவேகம். நட்ட இரண்டு மூன்று வருஷங்களில் அது பலன் தரத் தொடங்கும். கிராம அதிகாரிகளும் குடிகளுக்கு இதனை எடுத்துரைப்பது நலம்.