கியர்பாக்ஸைக் கழட்டறதுக்கு முன்னாடி ரப்பரைப் பாருங்க

செமஸ்டர் லீவுல ஊருக்குப் போனா எல்லாரும் தூங்குவாங்க. நான் இந்தத் தடவை எங்க அப்பாவோட பழைய மாருதி 800-க்கு இன்ஜின் மவுண்டிங் மாத்தினேன். (சில மெக்கானிக்குங்க ஃபவுண்டேஷன்னு சொல்வாங்க, ரெண்டும் ஒண்ணுதான்.) நம்ம கிளாஸ்ல ரெண்டு பேர்கிட்ட இதைச் சொன்னேன். ஒருத்தன், "வீட்ல பண்ற வேலையாடா அது? இன்ஜின் கீழ விழுந்தா என்ன பண்ணுவ?"ன்னான். இன்னொருத்தன், "அது என்ன பெரிய விஷயம், நாலு போல்ட்டுதானே, வீடியோ பாத்து அரை மணி நேரத்துல முடிக்கலாம்"ன்னான். ரெண்டு பேரும் தப்புன்னு எனக்குப் படுது. அதான் இந்தப் பதிவு.

முதல்ல கதையைச் சொல்லிடறேன். எங்க வீடு பழனி மலையில, பண்ணைக்காடு பக்கம். அப்பா சின்னதா ஒரு மளிகைக் கடை வச்சிருக்கார். வாரத்துக்கு ஒரு தடவை வத்தலக்குண்டு போய் சரக்கு எடுத்துட்டு வரணும். ஊத்து வந்து கொடைக்கானல் மெயின் ரோட்டைப் பிடிச்சா, டம்டம் பாறை தாண்டி காட்ரோடு வரைக்கும் ஒரே இறக்கம். இறங்கறப்போ வண்டி காலி. ஏறறப்போ பின் சீட்டு முழுக்க மூட்டை.

போன பொங்கலுக்குப் போனப்பவே ஒண்ணு கவனிச்சேன். இறக்கத்துல அப்பாவோட இடது கை ஸ்டியரிங் பக்கமே வரலை. கியர் லிவரை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டே ஓட்டறார். ஏன்னு கேட்டா, "செகண்ட் கியர் நழுவி நியூட்ரலுக்கு வந்துருது தம்பி. பிடிச்சுக்கிட்டா ஒண்ணும் பண்ணாது"ன்னு சாதாரணமா சொல்றார். ஆறு மாசமா இப்படித்தானாம்! எனக்கு அப்பவே வயித்தைக் கலக்கிடுச்சு.

சமவெளில இருக்கறவங்களுக்கு இது ஏன் பயமான விஷயம்னு புரியாது. ஒரு சின்னக் கணக்கு போட்டுக் காட்டறேன். கொடைக்கானல் கடல் மட்டத்துலருந்து சுமார் 2,100 மீட்டர். வத்தலக்குண்டு கிட்டத்தட்ட 300 மீட்டர்னு வச்சுக்குவோம். ரெண்டு பேர் உட்கார்ந்த மாருதி சுமார் 800 கிலோ. அது 1,800 மீட்டர் கீழ இறங்கினா வெளிய வர்ற ஆற்றல் 14 மெகா ஜூல், அதாவது கிட்டத்தட்ட நாலு யூனிட் கரண்ட். நாப்பது லிட்டர் பச்சைத்தண்ணியைக் கொதிக்க வைக்கலாம். டயரும் காத்தும் ஒரு பங்கை எடுத்துக்கும். மீதியை ஒண்ணு இன்ஜின் தடுக்கணும், இல்ல பிரேக் தடுக்கணும். செகண்ட் கியர்ல இறங்குனா இன்ஜின் பாதி வேலையைப் பாத்துடும். கியர் நழுவிட்டா மொத்தமும் பிரேக் தலையில. பிரேக் சூடேறிப் பிடிக்காமப் போனா என்ன ஆகும்னு மலை ரோட்டுக்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. பிரேக் கருகின நாத்தத்தோட ஓரங்கட்டி நிக்கற டூரிஸ்ட் வண்டிங்களை சீசன்ல தினமும் பாக்கறோம்.

அப்பா ஏற்கனவே ஒரு மெக்கானிக்கிட்ட காட்டியிருந்தார். அவர் ஓட்டிப் பாத்துட்டு, "கியர்பாக்ஸ்ல பல்லு தேஞ்சிருக்கும், இறக்கிப் பிரிச்சாதான் தெரியும்"னு சொல்லி ஐயாயிரத்துக்கு மேல ஆகும்னுட்டார். அப்பா வழக்கம்போல, "அடுத்த மாசம் பாத்துக்கலாம்". அந்த மெக்கானிக் ஏமாத்தினார்னு நான் சொல்ல வரலை. கியர் நழுவுனா கியர்பாக்ஸ்தான் காரணம்னு நினைக்கறது இயல்புதான். ஆனா அவர் ஓட்டிப் பாத்தது கடைக்கு முன்னாடி இருக்கற சமமான ரோட்ல. நழுவறது இறக்கத்துல ஆக்ஸிலரேட்டர்லருந்து காலை எடுக்கறப்போ மட்டும். வண்டியோட குணம் தினம் ஓட்டறவனுக்குத்தான் தெரியும். பத்து நிமிஷம் பாக்கற மெக்கானிக்குக்கு நாமதான் அதைச் சொல்லணும். "கியர் நழுவுது"ன்னு மட்டும் சொல்லிட்டு வந்தா அவர் என்னதான் செய்வார்?

இங்க கொஞ்சம் மெக்கானிக்கல் பாடம், பொறுத்துக்கோங்க :-)

மாருதி 800-ல இன்ஜின், கியர்பாக்ஸ், டிஃபரென்ஷியல் எல்லாம் ஒரே கட்டியா முன்னாடி குறுக்கால உட்கார்ந்திருக்கும். அந்தக் கட்டியைத் தாங்கறது மூணே மூணு மவுண்டிங். ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு, பின்னாடி ஒண்ணு. ஒவ்வொண்ணும் ரெண்டு இரும்புத் துண்டுக்கு நடுவுல ஒட்டின ரப்பர், அவ்வளவுதான். 796 சிசி, மூணு சிலிண்டர். மூணு சிலிண்டர் இன்ஜின் இயல்பாவே தொட்டில் மாதிரி ஆடற ஜாதி. அந்த ஆட்டம் பாடிக்கு வராம விழுங்கிக்கறது ஒரு வேலை. இன்னொரு வேலைதான் நிறையப் பேருக்குத் தெரியாது. சக்கரத்தை முன்னாடி சுத்துற அதே விசை, இன்ஜினைப் பின்னாடி சாய்க்கப் பாக்கும். முதல் கியர்ல சின்னக் கார்கள்ல இன்ஜினோட திருப்பு விசை சக்கரத்துக்குப் போறப்போ 13, 15 மடங்கு ஆகுது. அவ்வளவும் எதிர்விசையா இந்த மூணு ரப்பர் மேலதான் வந்து விழும். (மேல்மலைப் பக்கம் ஓடற ஜீப், பழைய அம்பாசடர் மாதிரி பின்சக்கரம் இழுக்கற வண்டிகள்ல அப்படியில்ல. பெரும்பங்கு பின்னாடி ஆக்ஸிலும் பட்டையும் வாங்கிக்கும்.)

இப்ப மலைக்கு வாங்க. ஏத்தத்துல மூட்டையோட முதல் கியர், ரெண்டாவது கியர். இன்ஜின் ஒரு பக்கம் சாயும். இறக்கத்துல இன்ஜின் பிரேக்கா வேலை செய்யறப்போ விசை தலைகீழா மாறும், அது அடுத்த பக்கம் சாயும். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுலயும் காலை எடுத்து மிதிச்சு எடுத்து மிதிச்சு, ரப்பரை ரெண்டு பக்கமும் முறுக்கிக்கிட்டே இருக்கோம். ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் வளைச்சா அறுந்துடும்ல, அந்த மாதிரி. மதுரைல நாலாவது கியர்ல போற வண்டியோட மவுண்டிங் தாங்கற காலம் எங்க ஊர் வண்டிக்குக் கிடைக்காது.

இதுக்கும் கியர் நழுவறதுக்கும் என்ன சம்பந்தம்? லிவர்லருந்து கியர்பாக்ஸுக்கு இரும்பு ராடு போகுது. லிவர் பாடியில நிக்குது, கியர்பாக்ஸ் இன்ஜினோட சேந்து ஆடுது. ஆட்டம் ஒரு அளவுக்கு மேல போனா ராடே கியரை வெளிய இழுத்துடும். அதை ஈடுகட்ட ஒரு துணை ராடு இருக்கு, ஆனா அதோட புஷ்ஷும் தேஞ்சிருந்தா ஈடு கட்டாது.

சோதிக்கறது சுலபம். ஆனா கவனமா. பானெட்டைத் திறந்து, சக்கரத்துக்குக் கட்டை போட்டு, அப்பாவை பிரேக்கை அழுத்தி மிதிச்சுக்கச் சொல்லி, முதல் கியர்ல கிளச்சை லேசா மட்டும் விடச் சொன்னேன். அப்புறம் ரிவர்ஸ்ல அதே மாதிரி. நான் வண்டிக்கு முன்னாடி நிக்கலை, பக்கவாட்டுல நின்னேன் (தயவுசெஞ்சு முன்னாடி நிக்காதீங்க). இன்ஜின் ரெண்டு விரற்கடை எழும்பி உட்கார்ந்தது. டார்ச் அடிச்சுப் பாத்தா பின்னாடி மவுண்டிங்ல ரப்பர் இரும்பை விட்டுப் பிரிஞ்சு வாயைப் பிளந்துக்கிட்டு இருக்கு. பக்கத்து மவுண்டிங் ஒண்ணு ஆயில் ஒழுகி ஊறி, அழுகின வாழைப்பழம் மாதிரி கொழகொழன்னு ஆகியிருக்கு. இயற்கை ரப்பருக்கு இன்ஜின் ஆயில் ஆகாது, ஊதிப் போய் பலம் இழந்துடும்.

ஒரு சின்ன விலகல். ஆரம்ப காலக் கார்கள்ல நிறைய வண்டிக்கு இன்ஜினை நேரா சட்டத்துல போல்ட் போட்டு முடுக்கிடுவாங்களாம். ஓட்டறவனுக்குப் பல்லெல்லாம் ஆடியிருக்கும். 1931-ல அமெரிக்காவுல பிளைமவுத் கார்ல கிரைஸ்லர் கம்பெனி இன்ஜினை ரப்பர் மேல மிதக்க விட்டதையே பெருசா விளம்பரம் பண்ணி வித்தாங்க. அப்புறம் பிரான்ஸ்ல சிட்ரோயன் அந்த உரிமையை வாங்கிக்கிட்டாங்க. இன்னிக்கும் இந்த வேலைக்கு இயற்கை ரப்பரை அடிச்சுக்க ஆளில்ல, நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துத் தோட்டத்துல பால் வடியுதே அதே சரக்கு. மலைல ஏறி இறங்கற வண்டியோட உயிர் ஒரு மரத்துப் பால்ல தொங்குதுன்னு நினைச்சா எனக்கு வேடிக்கையா இருக்கு.

சரி, வேலைக்கு வருவோம். மலைல முதல் பிரச்சினையே சமமான தரை. எங்க வீட்டு வாசல்ல ஒரு டம்ளரை வச்சாலே உருளும். அந்த இடத்துல ஜாக்கி போட்டா உயிருக்கு உத்தரவாதம் இல்ல. மாமா வீட்ல காபி காயப் போடற சிமெண்ட் களம் இருக்கு. காபி எடுப்பு இல்லாத மாசம்கிறதால காலியாக் கிடந்தது. "என் களத்துல ஆயில் சிந்துனா உன்னைத்தான் கழுவ விடுவேன்"னு சொல்லிட்டுத்தான் மாமா விட்டார். (கழுவினேன்.)

முன்பக்கத்தைத் தூக்கி ரெண்டு ஸ்டாண்டு மேல உட்கார வச்சோம். பின் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கட்டை. அதுக்கப்புறம்தான் இன்னொரு ஜாக்கியை இன்ஜினுக்குக் கீழ கொண்டு போனோம். ஆயில் சேம்பர் தகரம், ஜாக்கி நேரா பட்டா நசுங்கிடும். அதனால நடுவுல அகலமா ஒரு பலகை. இன்ஜினைத் தூக்கக் கூடாது, எடையை மட்டும் வாங்கிக்கணும். தூக்கினா ரேடியேட்டர் ஹோஸும் சைலன்சர் பைப்பும் இழுபடும். ஒரு நேரத்துல ஒரு மவுண்டிங்தான். மத்த ரெண்டும் இன்ஜினைப் பிடிச்சுக்கிட்டு இருக்கறதால போல்ட் ஓட்டை ரொம்ப விலகாது. முதல் நண்பா, இன்ஜின் கீழ விழாததுக்குக் காரணம் இதுதான். மூணையும் ஒண்ணாக் கழட்டினா விழும்!

ரெண்டாவது நண்பா, உன் நாலு போல்ட்டுல ஒண்ணு மட்டும் எங்களுக்கு ரெண்டு மணி நேரம் எடுத்தது. மழையும் பனியும் குடிச்ச துரு. டீசல் ஊத்தி ஊறவிட்டு, தட்டி, திரும்ப ஊறவிட்டு, கடைசியா ரிங் ஸ்பேனர்ல பைப் சொருகித் திருப்பினப்போதான் அசைஞ்சது. அந்த டீசலைப் புது ரப்பர் மேல படாமத் துடைக்கறது தனி வேலை. அப்புறம் எந்த வீடியோவுலயும் சரியாச் சொல்லாத ஒரு விஷயம். புது மவுண்டிங் போல்ட்டை மாட்டின உடனே முழுசா முடுக்கக் கூடாது. எல்லாத்தையும் கையால மாட்டி, ஜாக்கியை இறக்கி, இன்ஜின் தன் எடையில தானா உட்கார்ந்த பிறகு இறுக்கணும். இல்லேன்னா ரப்பர் முறுக்கின நிலையிலயே மாட்டிக்கும். புது மவுண்டிங் போட்டும் அதிர்வு போகலைன்னு புலம்பறவங்கள்ல சிலர் கதை இதுதான்னு நினைக்கறேன்.

காலைல எட்டு மணிக்கு ஆரம்பிச்சு சாயங்காலம் ஆறு மணி ஆச்சு. மூணு மவுண்டிங், கியர் ராடு புஷ். ஒவ்வொண்ணும் சில நூறு ரூபாய்தான். கிழிஞ்சது ஒண்ணுதானே, அதை மட்டும் மாத்தலாம்னு அப்பா சொன்னார். நான் ஒத்துக்கலை. ஒண்ணு கிழிஞ்சப்புறம் அதோட பாரத்தையும் சேத்துத் தாங்கினது மத்த ரெண்டும்தான். அதுங்க எத்தனை நாளைக்கு?

பழைய டயரை வெட்டிச் சொருகற வைத்தியம் எங்க பக்கம் பிரபலம். சில பேர் யூரித்தேன் ஊத்திக் கெட்டிப்படுத்தறாங்க. ரேஸ் ஓட்டறவங்க பண்ணட்டும். கெட்டியான மவுண்டிங் ஆட்டத்தை நிறுத்தும், ஆனா அதிர்வை அப்படியே பாடிக்கு அனுப்பும். இருபது வருஷ மாருதியோட தகரம் அதைத் தாங்காது.

எல்லா வண்டிக்கும் இதை வீட்ல பண்ணலாம்னு நான் சொல்ல மாட்டேன். மவுண்டிங்குக்குள்ள திரவம் இருக்கற, கீழ ஒரு சட்டத்தையே இறக்கினாத்தான் கை போகற புது வண்டிகளை விட்டுடுங்க. தனியா இருந்தா விட்டுடுங்க. சமமான தரை இல்லேன்னா கண்டிப்பா விட்டுடுங்க. ஆனா பானெட்டைத் திறந்து இன்ஜின் எவ்வளவு ஆடுதுன்னு பாக்கறதை யார்கிட்டயும் விடாதீங்க. சில நூறு ரூபாய் ரப்பரைப் பாக்காம ஐயாயிரம் ரூபாய்க்கு இரும்பைப் பிரிக்கறது எனக்கு நியாயமாப் படலை. மெக்கானிக்கிட்ட போனாலும், "அண்ணே, முதல்ல மவுண்டிங்கும் ராடு புஷ்ஷும் பாத்துடுங்க"ன்னு சொல்லிட்டு அப்புறம் கியர்பாக்ஸ் பேச்சை எடுங்க.

நேர்மையா ஒண்ணு ஒத்துக்கணும். எங்களுக்கு நழுவறது நின்னது மவுண்டிங்காலயா, புஷ்ஷாலயான்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது, ரெண்டையும் ஒரே நாள்ல மாத்திட்டோம். சில வண்டில நிஜமாவே கியர்பாக்ஸ்தான் போயிருக்கும், அப்போ இந்த வேலையெல்லாம் பண்ணியும் நழுவும்.

மறுநாள் அப்பாவோட நானும் வத்தலக்குண்டு கிளம்பினேன். ஊத்துல மெயின் ரோட்டுக்கு வந்ததும் அப்பா செகண்ட் கியரைப் போட்டுட்டு, பழக்க தோஷத்துல லிவரைப் பிடிச்சுக்கிட்டார். "கையை எடுங்கப்பா"ன்னேன். "இருப்பா, இந்த வளைவு போகட்டும்"னார். அடுத்த வளைவுலயும் அதேதான். டம்டம் பாறைக்கிட்ட எதிர்ல ஒரு பஸ் ஏறி வர, ஒதுங்கி வழி விடறதுக்காக ரெண்டு கையையும் ஸ்டியரிங்குக்குக் கொண்டு போனார். லிவர் அசையாம அப்படியே நின்னது. அப்பா அதைத் திரும்பி ஒரு தடவை பாத்தார், ஒண்ணும் சொல்லலை. காட்ரோட்டுல வண்டியை நிறுத்தி எனக்கு டீயும் ரெண்டு வடையும் வாங்கித் தந்தார்.