மோசிக்குக் கிடைத்தது ஐதன்னாவுக்குக் கிடைக்கவில்லை

செஞ்சிக்கு அருகே தொண்டூர்க் குன்றில் சமண முனிவர்க்கென வெட்டிய கற்படுக்கைகள் உள்ளன. அங்குள்ள கல்வெட்டு கி.பி. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பர். இளங்காயிபன் ஏவினான், மோசி செய்தான் என்பதே அதன் செய்தி. ஏவியவனுக்கும் செய்தவனுக்கும் ஒரே கல்லில் இடம். பறவையியலுக்குத் தொண்டு செய்தோரைப் போற்றும் நம் வழக்கத்தில் இந்த நேர்மை இல்லை என்கிறோம்.

சாலிம் அலிக்கு 1958இல் பத்ம பூஷண், 1976இல் பத்ம விபூஷண். நம் மா. கிருஷ்ணனுக்கு 1970இல் பத்மஸ்ரீ. தகுதியுடையோர், அதில் எமக்கு மாறுபாடில்லை. (மாதவையாவின் மகன் என்பதற்காகவே கிருஷ்ணனைத் தேடிப் படித்த இலக்கிய வாசகரும் உண்டு. எப்படியோ படித்தார்களே!)

எமது வழக்கு வேறு. ஜெர்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1848 வாக்கில் கண்டறிந்ததால் அவர் பெயரையே தாங்கிய பறவை ஒன்றுண்டு. 1900க்குப் பின் அறிவியலார் எவரும் அதைக் காணவில்லை. அழிந்தது என்றே எழுதிவிட்டனர். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் கடப்பைப் பகுதியில் விசாரித்து அலைந்தனர். 1986 ஜனவரியில், ஓர் இரவில், அதை உயிரோடு பிடித்துக் கொடுத்தவர் ஐதன்னா என்னும் உள்ளூர் வேட்டைக்காரர். அம்மக்கள் தெலுங்கில் அதைக் 'கலிவி கோடி' என்பர். ஊரார் பெயர் சொல்லி அழைக்கும் பறவை யாருக்கு அழிந்துபோயிற்று? இன்றும் அது ஜெர்டனின் பறவைதான். ஐதன்னாவோ கட்டுரைகளில் ஒரு வரி.

கூலிக்குச் செய்தவருக்குப் பாராட்டு எதற்கு என்று கேட்பார்கள். மோசி மட்டும் கூலி வாங்காமலா உளி பிடித்திருப்பான்?

வேடந்தாங்கலைப் பாருங்கள். பறவைகளைச் சுடக்கூடாதென ஊரார் முறையிட்டு 1798இல் பெற்ற ஆணை அது. நாம் நினைவில் வைத்திருப்பதோ ஆணையிட்ட ஆட்சியர் லயனல் பிளேஸின் பெயரை. கோடியக்கரையில் வலசைப் பறவைகளுக்கு வளையம் இட்ட ஆய்வுகளைப் பேசுகிறோம். சிறகு ஒடியாமல் அவற்றைக் கண்ணியில் பிடித்துத் தந்த கைகளைப் பேசுவதில்லை.

இலக்கியவாதிகளாகிய நாமும் யோக்கியர்கள் அல்லர். பேராசிரியர் க. ரத்னம் 'தமிழில் பறவைப் பெயர்கள்' என்றொரு நூல் செய்தார். கவிதைக்குக் கவிதை "ஏதோ ஒரு பறவை" பறக்கவிடும் நம்மில் எத்தனை பேர் அதைப் புரட்டியிருக்கிறோம்? அப்பெயர்களைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த உழவரையும் வேடரையும் நன்றியுரையிலேனும் சேர்த்தோமா?

எங்கள் விழுப்புரம் மாவட்டத்துக் கழுவெளி 2021இல் சரணாலயமானது. 2024இல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. அங்கே எழுப்பும் பெயர்ப்பலகைகளில் அமைச்சர், அதிகாரி பெயர்கள் இருக்கட்டும். அவற்றின் கீழே, அதே அளவு எழுத்தில், இரவுக் காவலரின் பெயரும் படகு தள்ளுபவரின் பெயரும் வேண்டும். கணக்கெடுப்பு அறிக்கையின் முதல் பக்கத்திலும் அப்படியே. விருதுக்குழுவினர் அடுத்த பொன்னாடையை மடித்து வைக்குமுன் ஒருமுறை தொண்டூருக்கு வந்து போகலாம், செஞ்சியிலிருந்து தொலைவில்லை.