வாடகை கடனை அடைக்காது

"ரெண்டாவதா ஒரு ஃபிளாட் வாங்கிப் போடுங்க சார், வாடகையே இஎம்ஐ கட்டிடும்." கட்டுமான கம்பெனிக்காரர் இப்படிச் சொன்னால் அது அவர் பிழைப்பு, விட்டுவிடலாம். மாமாவும் மச்சானும் அலுவலக நண்பரும் அதையே வேதவாக்காகச் சொல்வதுதான் எரிச்சல். இவர்களில் யாராவது கணக்குப் போட்டுப் பார்த்தார்களா?

பழைய மகாபலிபுரம் சாலையில் 75 லட்சத்துக்கு ஒரு டபுள் பெட்ரூம் ஃபிளாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். கைக்காசு 15 லட்சம், கடன் 60 லட்சம். எட்டரை சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு மாதத் தவணை 52,000 ரூபாய். வாடகை 20,000 வந்தால் நல்ல காலம். மீதி 32,000 உங்கள் சம்பளத்திலிருந்து போகிறது. இதற்குப் பெயர் வருமானமாம்!

அந்த இருபதாயிரமும் முழுசாகக் கைக்கு வராது. குடியிருந்தவர் காலி செய்தால் பெயின்ட் அடிக்க வேண்டும், கீஸரை மாற்ற வேண்டும், புதிதாக ஆள் பிடித்துத் தரும் புரோக்கருக்குக் கமிஷன் தர வேண்டும். பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கும் அசோசியேஷன் மெயின்டனன்ஸ் கேட்கும். கோடையில் தண்ணீர் லாரிக் காசும் அதில் ஏறும். 2020இல் வீட்டிலிருந்தே வேலை என்றதும் ஐடி பிள்ளைகள் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் போனார்கள். தவணையை ஆறு மாதம் தள்ளிப்போட வழி கிடைத்தது. வட்டி தள்ளிப்போகவில்லை, ஏறிக்கொண்டேதான் இருந்தது.

வரி மிச்சமாகும் என்பார்கள். இந்தக் கடனுக்கு முதல் வருட வட்டியே ஐந்து லட்சம். வாடகை வீட்டு நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க ஆண்டுக்கு 2 லட்சம்தான் உச்சவரம்பு, அதுவும் பழைய வரி முறையில். புதிய முறையில் ஒரு ரூபாய்கூடக் கழியாது.

எல்லாம் பொய்த்தபின் வருவது, "எங்கப்பா அந்தக் காலத்துல அண்ணா நகர்ல வாங்கின மனை இன்னிக்குக் கோடி". அப்பா வாங்கியது மண். நீங்கள் வாங்குவது ஐந்தாவது மாடியில் நாலு சுவர். மண்ணில் உங்கள் பங்கு எவ்வளவு என்று பத்திரத்தில் யுடிஎஸ் என்ற இடத்தில் போட்டிருக்கும், படித்துப் பாருங்கள். விலை ஏறுவது அதற்குத்தான். கட்டடம் வருஷா வருஷம் தேய்கிறது.

குடியிருக்க வீடு வாங்குகிறவரோடு எனக்குச் சண்டை இல்லை. கடனில் வாங்கி வாடகைக்கு விட நினைத்தால், மாதிரி வீட்டைப் பார்க்கப் போகுமுன் பக்கத்து அடுக்ககத்து வாட்ச்மேனிடம் போங்கள். எத்தனை வீடு காலி, எத்தனை மாதமாகக் காலி, என்ன வாடகை என்று கேளுங்கள். விற்பவர் சொல்லாத கணக்கை அவர் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்.