கற்ற கைக்கு வயல் கொடுங்கள்

விவசாய அபிவிருத்தியின் பொருட்டு நடைபெறும் பயிற்சி வகுப்புகள் பல. அவற்றிற்குச் சென்று வந்தோரும் பலர். ஆயினும் அங்குக் கற்ற முறை வயலில் கையாளப்படுவது அரிதாகவே காணப்படுகிறது. கற்றவரின் அசிரத்தையே இதற்குக் காரணமென்று கூறுவது வழக்கம். பெரும்பாலும் குறை கற்றவரிடத்தில் இல்லை, வேலை வாங்குகிறவரிடத்திலேயே உள்ளது என்பது எமது அபிப்பிராயம்.

திருந்திய நெல் சாகுபடியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 1980-களில் மடகாஸ்கர் தீவில் ஹென்றி டி லௌலானி என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் வகுத்த இம்முறை, பின்னர் நம் நாட்டிலும் பரவியது. 14 நாள் வயதுடைய நாற்றைக் குத்துக்கு ஒன்றாக, 25 சென்டிமீட்டர் இடைவெளியில், சதுரமாக, ஆழமின்றி நடவேண்டும். ஏக்கருக்குச் சுமார் 3 கிலோ விதை போதுமானது. வரிசைகள் இருபுறமும் நேராக இருந்தால்தான் களைக்கருவியைக் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டலாம். ஆகவே இம்முறையின் பலன் நடுகிறவர் கையிலேயே இருக்கிறது.

ஆனால் வகுப்புக்குப் பெரும்பாலும் செல்பவர் நிலச்சொந்தக்காரர். நாற்றைப் பிடிப்பவரோ நடவுப் பெண்கள். கேட்ட காது ஒன்று, நடுகிற கை வேறு. அப்பெண்களே கற்றுத் திரும்பினாலும் நடப்பதென்ன? சிறிது நட்டவுடனே வயல் வெறிச்சென்று தோன்றுவது கண்டு சொந்தக்காரர் அஞ்சி, "குத்துக்கு நாலைந்தாக வையுங்கள்" என்கிறார். கூலியை ஏக்கர்க் கணக்கில் பேசியிருப்பின், விரைந்து முடிப்பதே அவர்களுக்கு லாபம். கயிறு பிடித்து நிதானமாக நடுவது நஷ்டம். இந்நிலையில் கற்ற வித்தை வழக்கொழிந்து போவதில் வியப்பில்லை.

அமெரிக்கப் பேராசிரியர் டொனால்டு கிர்க்பாட்ரிக், பயிற்சியை மதிப்பிடும் முறையை 1959-ஆம் ஆண்டில் விவரிக்கத் தொடங்கினார். வந்தவர் திருப்தியுற்றாரா, கற்றாரா, திரும்பியபின் வேலையில் அதைச் செய்தாரா, செய்ததனால் பலன் விளைந்ததா என்பன அவர் வகுத்த நான்கு படிகள். வருகைப் பதிவேட்டில் கையொப்பம் வாங்குவதோடு நிற்போமாயின், முதற்படியையும் ஏறியவர்களாக மாட்டோம்.

ஆகையால் நிலச்சொந்தக்காரர்களுக்கு எமது யோசனை இது: அடுத்த வகுப்புக்குத் தாங்கள் செல்லும்போது, நடவாட்களில் மூத்தவர் ஒருவரையும் அன்றையக் கூலி கொடுத்து உடன் அழைத்துச் செல்லுங்கள். நடவுப் பருவத்தை ஒட்டியே அனுப்புங்கள். திரும்பியவுடன் 10 சென்ட் நிலத்தை அவர்கள் கற்றபடி நடுவதற்கு விட்டு, அதற்கு மட்டும் நாட்கூலி கொடுங்கள். பயிர் தூர் கட்டும் வரையில் குறுக்கிடாது பொறுத்திருங்கள். பலன் குறைந்தாலும் நஷ்டம் 10 சென்ட்டோடு நிற்கும். நன்கு விளைந்தாலோ மறுபோகத்தில் உங்கள் அச்சமும் நீங்கும், அவர்கள் கையும் பழகும்.

கிராம அதிகாரிகளும் வகுப்புக்குப் பெயர் எழுதும்போது, உள்ளபடி வேலை செய்வோர் பெயரையே எழுதவேண்டும். ஒரு மாதம் கழித்து அவ்வயலின் வரப்பில் நின்று பார்க்கவும் வேண்டும். பயிற்சியின் உண்மையான பதிவேடு வயலேயன்றிக் காகிதமன்று.