மேக்ஸ் தரும் தேதி, தராத தொகை

"ஒவ்வொரு வாடிக்கையாளரின் கடைசி பில் வேண்டுமா? வாடிக்கையாளர் எண்ணை குரூப் பையில் போடு, தேதிக்கு மேக்ஸ் போடு, தொகையையும் பக்கத்தில் எழுது. வேலை முடிந்தது." குவரி எழுதுவோரிடையே கைமாறி வரும் இந்தப் பாடம் தவறு.

ஒருவருக்கு ஜனவரி 5-இல் 900 ரூபாய், பிப்ரவரி 20-இல் 400, மார்ச் 12-இல் 150 என மூன்று பில்கள். மேக்ஸ் மார்ச் 12 என்று சரியாகச் சொல்லும். பக்கத்தில் 900 நிற்கலாம். மேக்ஸ் ஒரு ஃபீல்டின் மதிப்புகளில் பெரியதை மட்டுமே எடுக்கிறது. அந்த மதிப்பு வந்த ரெக்கார்டைக் கையோடு கொண்டுவருவதில்லை. அதே குவரியில், சிறியதை எடுக்கும் மின்னையும் சேர்த்துக் கேட்டுப் பாருங்கள்: தொகை எந்தத் தேதிக்கு உரியது?

"எங்களிடம் சரியாகத்தானே வருகிறது" என்பார்கள். எஸ்கியூலைட் என்றால் வரும். 2012-இல் வந்த 3.7.11 பதிப்பிலிருந்து, மேக்ஸோ மின்னோ ஒன்று மட்டும் இருந்தால் அதே ரெக்கார்டின் தொகையை அது தருகிறது. அது அந்த டேட்டாபேஸ் தானாகச் செய்துகொண்ட ஏற்பாடு. போஸ்ட்கிரெஸ் இந்தக் குவரியை ஏற்கவே ஏற்காது.

மைஎஸ்கியூஎல் 5.7.5 முதல், ஒன்லி ஃபுல் குரூப் பை என்ற மோடு வழியே இந்தக் குவரியை இயல்பாகவே தடுத்து, 1055 என்ற பிழையைக் காட்டுகிறது. "அந்த மோடை அணைத்துவிடு, சரியாகிவிடும்" என்ற யோசனைதான் எனக்கு மிகவும் கோபமூட்டுவது. அணைத்தால் பிழைச்செய்தி மட்டுமே மறையும். எந்த ரெக்கார்டின் தொகையையும் எடுத்துக்கொள்ளும் உரிமை டேட்டாபேஸுக்குப் போய்விடும். கடைசியில் ஆர்டர் பை சேர்த்தாலும் பயனில்லை. தொகையைத் தேர்ந்தெடுத்த பிறகே அது வரிசைப்படுத்துகிறது.

செய்ய வேண்டியது: வாடிக்கையாளர்வாரியாகக் கடைசித் தேதியை சப்குவரியில் எடுத்து, வாடிக்கையாளர் எண், தேதி இரண்டையும் வைத்து மூல டேபிளோடு ஜாயின் செய்யுங்கள். ஒரே நாளில் இரண்டு பில் இருந்தால் இரண்டும் வரும். ஒன்றுதான் வேண்டும் என்றால், மைஎஸ்கியூஎல் 8.0-இல் ரோ நம்பர் இருக்கிறது: வாடிக்கையாளர்வாரியாகப் பிரித்து, தேதியை இறங்குவரிசையிலும், அதற்குள் பில் எண்ணை இறங்குவரிசையிலும் அடுக்கி, 1 பெற்றதை எடுக்கலாம்.

"தேதி வார்கார் என்ற எழுத்து வகையில் இருந்தால் என்ன?" என்பது இன்னொரு வாதம். 31-01-2023, 01-12-2024 இரண்டையும் எழுத்தாக ஒப்பிட்டால் 2023தான் பெரியது, ஏனென்றால் 3 என்பது 0-க்குப் பின் வருகிறது. அந்த ஃபீல்டை முதலில் டேட் வகைக்கு மாற்றாமல் மேலே சொன்ன எந்தக் குவரியும் உதவாது.